எழுதத் தெரியாதவர் பேச்சும் கேட்கப் பழகிய கணிப்பொறியும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் பேசுவது வழக்கம். பத்தாம் வகுப்புத் தேறியவுடன் படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தராகப் பணியேற்றவன் நான். என்னைப் போன்றவனைப் பேச அழைத்தது செயலாளர் அவர்களின் பெருந்தன்மையே. “நாம் பிழைக்க வந்த இந்த மண்ணைப் பற்றி ஏதேனும் நல்ல செய்தியாகச் சொல்லுங்கள்” என்று அவர் கேட்டுக்கொண்டார். திருப்பதி என்றால் ஏழுமலையான் சந்நிதி நினைவுக்கு வரும். காளத்தி என்றால் கண்ணப்பர் வருவார். சித்தூர் என்றால் மாம்பழமும் வெல்லமும் வரும். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவையே. பலரும் அறியாத ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடும்பத்தில் பிறந்து, கணிப்பொறி உலகின் மிக உயர்ந்த பரிசைப் பெற்ற பேராசிரியர் ராஜ் ரெட்டி அவர்களே அவர்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு என் பணியில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே காரணம். அது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு நிலையத்தில் முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்திருந்தேன். வரிசை நீண்டிருந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு, வயது முதிர்ந்த தாயார் ஒருவர் வந்தார். திருச்சிராப்பள்ளிக்கு இரண்டு இடம் வேண்டும் என்று தமிழில் கேட்டார். படிவம் எங்கே என்றேன். எழுதத் தெரியாது, நீயே எழுதிக்கொள் அப்பா என்றார். எனக்குச் சினம் வந்தது. “எழுதிக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம்” என்று தெலுங்கில் கடிந்து சொல்லி, அடுத்தவரை அழைத்தேன். தமிழனான நான் ஏன் தெலுங்கில் சொன்னேன் என்பது இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. யாரோ ஒரு மாணவனைப் பிடித்துப் படிவத்தை நிரப்பிக்கொண்டு அவர் மீண்டும் வரிசையில் நின்று வந்து சேர்வதற்குள் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. வேலை முடிந்து நான் வெளியே வந்தபோது, முன்பதிவில்லாப் பெட்டிக்காக நடைமேடையின் கோடியில் மூட்டைமீது அமர்ந்திருந்தார். பேரன் மடியில் உறங்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் கோபமில்லை. “எழுத்துத்தாம்ப்பா தெரியாது, பேச்சு தெரியுமே” என்றார்.

என்னைப் பெற்ற தாய்க்கும் எழுத்துத் தெரியாது. அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. எழுத்து அறியாதவர் எழுத்தைக் கற்றுக்கொண்டுதான் கருவியின் முன் வரவேண்டுமா? கருவி மனிதனுடைய பேச்சைக் கற்றுக்கொண்டு அவனிடம் வரலாகாதா? இக்கேள்வியை எனக்கு வெகுகாலம் முன்பே, 1960களிலேயே, எடுத்துக்கொண்டு அதற்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் நம் மாவட்டத்துக்காரர் என்பதைப் பின்னர் அறிந்தபோது எனக்குண்டான வியப்புக்கு அளவில்லை.

தப்பல ராஜகோபால் ரெட்டி என்பது அவருடைய முழுப்பெயர். 1937ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் சித்தூர் மாவட்டத்துக் காட்டூர் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாசுலு ரெட்டி உழவர். தாயார் பிச்சம்மா இல்லத்தரசி. அக்குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதலில் மிதித்தவர் இவரே. அந்நாளில் சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது என்பதைப் பெரியோர்கள் அறிவார்கள். 1953ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் தனியாக அமைந்தபோது அது அங்கே சேர்ந்தது. திருத்தணிப் பகுதி 1960இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறினாலும் மக்கள் மாறிவிடவில்லை. ஒரே கிணற்றில் தெலுங்கு பேசுவோரும் தமிழ் பேசுவோரும் நீர் இறைத்த மண் இது. இவ்வாறு இரு மொழியும் காதில் விழும் மாவட்டத்தில் பிறந்த ஒருவர், மனிதப் பேச்சைப் பொறி எவ்வாறு புரிந்துகொள்ளும் என்னும் ஆராய்ச்சியில் தலைவரானது பொருத்தமாகவே தோன்றுகிறது.

அவர் உயர்கல்வி பெற்றது நம் சென்னையில். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் கட்டடப் பொறியியல் பயின்று 1958இல் பட்டம் பெற்றார். ஆம், கணிப்பொறி அன்று. பாலமும் சாலையும் அணையும் கட்டும் கல்வி. அடுத்து ஆஸ்திரேலியாவுக்குச் சென்று நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1960இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அங்கேதான் ‘டியூஸ்’ என்னும் ஆங்கில நாட்டுக் கணிப்பொறியோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. கண்ணாடிக் குழல் வால்வுகளால் இயங்கிய பெரும்பொறி அது. அதன்பின் சில ஆண்டுகள் ஆஸ்திரேலியாவிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றினார்.

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். கட்டடம் கட்டப் படித்தவர் கணிப்பொறிக்கு வந்தார். பத்தாம் வகுப்பில் எந்தப் பாடம் எடுத்தோமோ அதுவே நம் தலையெழுத்து என்று எண்ணிக் கலங்கும் பெற்றோர் நம் குடியிருப்பில் பலர் உண்டு. கற்ற கல்வி வாயில்தான். அதன் வழியே உள்ளே நுழைந்தபின் எந்த அறைக்குச் செல்வது என்பதை ஊக்கமே முடிவு செய்யும்.

பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்கார்த்தி என்னும் பேரறிஞரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். ‘செயற்கை நுண்ணறிவு’ என்று இன்று உலகமே பேசுகிறதே, அத்துறைக்கு 1950களில் ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் அந்த மெக்கார்த்தியே. அவரிடம் பயின்று 1966இல் முனைவர் பட்டம் பெற்றார் ராஜ் ரெட்டி. பேச்சொலியின் அலையை நேரே ஆராய்ந்து அதிலுள்ள சொற்களைக் கணிப்பொறி கண்டுகொள்ளும் வழியே அவருடைய ஆய்வுப் பொருள்.

இதில் என்ன அருமை என்று சிலர் எண்ணலாம். இரண்டு வயதுக் குழந்தை செய்கின்ற செயல்தானே! ஆனால் குழந்தைக்கு எளிதானது பொறிக்கு மிகக் கடினம். நாம் எழுதும்போது சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதுகிறோம். பேசும்போது அவ்வாறு இடம் விடுவதில்லை. மூச்சு முட்டும்வரை ஒரே ஓட்டம். எங்கே ஒரு சொல் முடிந்தது, எங்கே மற்றொன்று தொடங்கியது என்பதற்கு ஒலியில் அடையாளமில்லை. இன்னொன்று கேளுங்கள். ‘பழம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘தம்பி’ என்றும் சொல்லிப் பாருங்கள். இரண்டிலும் பகரம் உண்டு. ஆயினும் பழத்தில் ஒலிப்பது வேறு, தம்பியில் ஒலிப்பது வேறு. நாம் ஒரே எழுத்தாக எழுதுவதால் வேற்றுமை நம் காதுக்குத் தோன்றுவதில்லை. தெலுங்கில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்து இருப்பதால், நம் பிள்ளைகளின் தெலுங்கு நண்பர்கள் இதை உடனே சுட்டிக்காட்டுவார்கள். இதற்குமேல், ஆண் குரல், பெண் குரல், குழந்தை மழலை, கிழவர் நடுக்கம், நெல்லைப் பேச்சு, வடார்க்காட்டுப் பேச்சு என்று ஒரே சொல்லுக்கு ஆயிரம் ஒலி வடிவங்கள். இரயில் வந்து நிற்கும் இரைச்சலுக்கிடையே “காட்பாடி” என்று யாரோ கூவுவதைப் புரிந்துகொள்கிறோமே, அது காது மட்டும் செய்யும் வேலையன்று. முன்னறிவும் சேர்ந்து செய்யும் வேலை.

அந்த முன்னறிவைப் பொறிக்கு ஊட்டுவதே ராஜ் ரெட்டி அவர்கள் எடுத்துக்கொண்ட பணி. ஸ்டான்ஃபோர்டிலேயே, வாயால் இட்ட கட்டளைப்படி ஓர் இயந்திரக் கை கட்டைகளை எடுத்து வைக்கும்படி செய்து காட்டினார். 1969இல் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின், மாணவர்களையும் உடனாசிரியர்களையும் கூட்டிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பேச்சுணரும் மென்பொருள்களை அமைத்தார். ‘ஹியர்சே’ என்னும் முதற்படைப்பு, வாயால் காய் நகர்த்தச் சொன்னால் அதைப் புரிந்துகொண்டு சதுரங்கம் ஆடியது.

அடுத்து வந்த இரண்டாம் ஹியர்சேயின் அமைப்பு நம் நிலைய அலுவலகத்தை எனக்கு நினைவூட்டுகிறது. ஒரு வண்டி ஏன் தாமதம் என்பது யாருக்கும் முழுமையாகத் தெரியாது. கார்டுக்கு ஒன்று தெரியும். சிக்னல்காரருக்கு ஒன்று தெரியும். அடுத்த நிலையத்தாருக்கு ஒன்று தெரியும். ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைப் பொதுவான ஒரு கரும்பலகையில் எழுதினால், அதைப் பார்த்து மற்றவர் தம் கருத்தைத் திருத்திக்கொள்ள, இறுதியில் உண்மை வெளிப்படும். அதுபோலவே அம்மென்பொருளில் ஒலியை அறிந்த பகுதி, சொல்லை அறிந்த பகுதி, இலக்கணத்தை அறிந்த பகுதி, பேசும் பொருளை அறிந்த பகுதி எனப் பல பகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் ஊகத்தைப் பொதுப் பலகையில் இடும். ஒன்று மற்றொன்றைத் திருத்தும். ‘கரும்பலகை முறை’ என்ற பெயரிலேயே அது புகழ் பெற்றது. தனியொருவன் அறிவைவிடக் கூட்டறிவு பெரிது என்பதை நம் ஊர்ப் பஞ்சாயத்து அறிந்திருந்தது, பொறியும் அறிந்துகொண்டது.

1971இல் அமெரிக்க அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை, ஆயிரம் சொற்களைப் புரிந்துகொள்ளும் பொறி ஐந்தாண்டுக்குள் வேண்டும் என்று இலக்கு வகுத்துப் பொருளுதவி செய்தது. 1976இல் கார்னகி மெல்லனில் புரூஸ் லவர் அமைத்த ‘ஹார்ப்பி’ 1,011 சொற்களை உணர்ந்து அவ்விலக்கை எட்டியது. ஜேம்ஸ் பேக்கர் என்னும் மற்றொரு மாணவர் ‘டிராகன்’ என்னும் முறையை வகுத்தார். எந்த ஒலிக்குப்பின் எந்த ஒலி வருவது இயல்பு என்பதைக் கணக்கிட்டு அறியும் முறை அது. கை-ஃபூ லீ என்னும் மாணவர் 1988இல் ‘ஸ்பிங்ஸ்’ என்பதை அமைத்தார். அதுவரை, பேசுகின்ற ஒவ்வொருவரும் தம் குரலைப் பொறிக்கு முன்கூட்டியே பழக்க வேண்டியிருந்தது. ஸ்பிங்ஸ் அவ்வாறு பழகாத புதியவர் இயல்பாகத் தொடர்ந்து பேசினாலும் புரிந்துகொண்டது. முன்பின் அறியாத ஒருவர் சாளரத்தின் முன் வந்து நின்று வாய் திறந்தால் போதும் என்ற நிலைக்கு அதுவே முதற்படி.

இப்பெயர்களையெல்லாம் நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவை ஒருவர் கை வேலையல்ல. ராஜ் ரெட்டி அவர்களின் பெருமை, தாம் ஒன்றைச் செய்ததில் மட்டும் இல்லை. தம்மிடம் வந்தவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு வழியில் முயல இடங்கொடுத்ததில் இருக்கிறது. ஒரு மாணவர் வகுத்த வழி ஆசிரியரின் வழியை வென்றபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. வென்ற வழியையே ஆராய்ச்சிக்கூடம் பின்பற்றியது. இத்தகைய உள்ளம் அமைவது அரிது.

இதுவரை நான் சொன்ன ஆராய்ச்சிகளெல்லாம் பெரிய பொறிகளில் நடந்தவை. பல்கலைக்கழகத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும் பொறியைப் பலர் முறைவைத்துப் பயன்படுத்தினர். அது வீட்டு மேசைக்கு வந்தால்தான் எளியவருக்குப் பயன்படும். தனியாள் கணிப்பொறியைக் கண்டுபிடித்தவர் ராஜ் ரெட்டி என்று நான் சொல்லவில்லை. அது பலர் சேர்ந்து இழுத்த தேர். ஆனால் அத்தேர் எந்தத் தெருவழியே போகவேண்டும் என்று காட்டியவர்களுள் அவரும் ஒருவர். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதன் அடிப்படை வகையில் இருந்த நினைவகம் 16 கிலோபைட்டு. அதாவது ஏறத்தாழப் பதினாறாயிரம் ஆங்கில எழுத்துக்களைக் கொள்ளும் இடம். நம் மலரில் சில பக்கங்கள் அடங்கலாம். 1980களின் தொடக்கத்தில் ராஜ் ரெட்டியும் அவருடைய உடனாசிரியர்களும் ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவர் மேசையிலும் இருக்கவேண்டிய கணிப்பொறிக்கு ஓர் இலக்கு வகுத்தனர். பத்து இலட்சம் பைட்டு நினைவகம், பத்து இலட்சம் புள்ளிகளாலான திரை, நொடிக்குப் பத்து இலட்சம் கட்டளை நிறைவேற்றும் வேகம் என்பவையே அவை. ஆங்கிலத்தில் மூன்றும் ‘மெகா’ என்று தொடங்குவதால் ‘மூன்று எம்’ கணிப்பொறி என்று பெயராயிற்று. விலையும் பத்து இலட்சம் சல்லிக்காசுக்குள், அதாவது பதினாயிரம் டாலருக்குள், இருக்கவேண்டும் என்று வேடிக்கையாக நான்காம் ‘எம்’ ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்டீவ் ஜாப்ஸ் 1988இல் வெளியிட்ட ‘நெக்ஸ்ட்’ கணிப்பொறி இந்த இலக்கை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டதே.

வேகமும் இடமும் பெருகியதன் பயன் பிறகு தெரிந்தது. முன்சொன்ன ஜேம்ஸ் பேக்கர் தம் மனைவியார் ஜேனட் பேக்கருடன் 1982இல் தொடங்கிய நிறுவனம், 1997இல் ஒரு மென்பொருளை வெளியிட்டது. சாதாரணத் தனியாள் கணிப்பொறியின் முன் அமர்ந்து இயல்பாகப் பேசினால் அது எழுதிக்கொடுத்தது. பிட்ஸ்பர்க்கில் இட்ட விதை, இருபது ஆண்டு கழித்து வீட்டு மேசையில் காய்த்தது.

சிலர் புகழ் வந்தவுடன் பிறந்த மண்ணையும் எளியவரையும் மறப்பதுண்டு. ராஜ் ரெட்டி அவர்கள் அவ்வாறு மறக்கவில்லை. ஏழை நாடுகளின் மக்களுக்குக் கணிப்பொறியைக் கொண்டுசெல்வதற்காகப் பாரிஸ் நகரில் 1980களில் நிறுவப்பட்ட உலக மையத்தில் தலைமை அறிவியலாளராகப் பணியாற்றினார். அதற்காகப் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மித்தரான் 1984இல் ‘லெஜியன் தொனர்’ விருதை வழங்கினார். 1994ஆம் ஆண்டுக்குரிய டூரிங் பரிசை எட்வர்ட் ஃபைகன்பாம் என்னும் அறிஞருடன் பகிர்ந்து பெற்றார். கணிப்பொறித் துறையின் நோபல் பரிசு என்று சொல்லத்தக்க அதைப் பெற்ற முதல் ஆசியர் நம் மாவட்டத்தவர் என்பதை எண்ணி நாம் பெருமிதம் கொள்ளலாம். நம் நாடு 2001இல் பத்மபூஷண் அளித்தது.

இங்கே கூடியிருக்கும் தாய்மார்களுக்கு நெருங்கிய ஒரு செய்தி. அவர் முன்னின்று நடத்திய ‘பத்து இலட்சம் நூல்’ திட்டத்தில், இந்தியாவிலும் சீனத்திலும் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கணிப்பொறியில் சேர்த்தார்கள். இந்தியாவில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் ந. பாலகிருஷ்ணன் அப்பணிக்குத் தலைமை தாங்கினார். படமெடுக்கும் மையங்களுள் ஒன்று இங்கே திருமலை திருப்பதி தேவஸ்தானத்தில் அமைந்தது. 2007ஆம் ஆண்டளவில் பத்து இலட்சம் என்னும் எல்லையைத் திட்டம் கடந்தது. மலையேறி வழிபட்டுத் திரும்பும் நாம், மலையடிவாரத்தில் இப்படியும் ஒரு திருப்பணி நடந்ததை அறியாதிருந்தோம்.

2004இல் அவர் மற்றொரு கருவியைத் திட்டமிட்டார். கணிப்பொறியாகவும் தொலைக்காட்சியாகவும் தொலைபேசியாகவும் ஒருங்கே பயன்படுவது அது. எழுத்தறியாதவரும் தொலைக்காட்சிப் பெட்டியை இயக்குவதுபோல எளிதாக இயக்கவேண்டும் என்பதே நோக்கம். அக்கருவி வீடுதோறும் வரவில்லை. அதற்குள் கைப்பேசி வந்துவிட்டது. ஆயினும் நோக்கம் தோற்கவில்லை. எழுத்தறியாதவரை எழுத்துப் படித்துவிட்டு வா என்று துரத்தாமல், அவர் இருக்கும் இடத்துக்குக் கருவி இறங்கி வரவேண்டும் என்பதன்றோ அந்நோக்கம்? பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்யத் தவறியதும் அதுவே.

2008இல் ஆந்திர அரசு தொடங்கிய ராஜீவ் காந்தி அறிவுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராகவும் அவர் இருந்தார். பத்தாம் வகுப்பு முடித்த கிராமப்புறப் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்து, தங்கவைத்து, ஆறாண்டில் பொறியாளராக்கும் கல்விக்கூடம் அது. பத்தாம் வகுப்போடு நின்றவன் என்ற முறையில், இச்செய்தியைப் படித்தபோது என் கண்கள் கலங்கின என்பதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். என் தாயார் செய்யாற்றுப் பக்கத்தில் கிராமத்தில் இருக்கிறார்கள். என் மகள் இங்கே தெலுங்கு வழியில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவாள். பாட்டிக்கு எழுதத் தெரியாது. பேத்திக்குப் படிக்கத் தெரியாது. சென்ற பொங்கலுக்கு ஊருக்குச் சென்றிருந்தபோது, பேசினால் எழுதும் வசதியைக் கைப்பேசியில் என் மகள் பாட்டிக்குக் காட்டினாள். அம்மா கூச்சத்தோடு அதன் அருகில் வாயை வைத்து, “களத்து மேட்டுல நெல்லு காயுது” என்றார்கள். திரையில் தமிழ் எழுத்துக்கள் வரிசையாக வந்தன. எழுபது ஆண்டுகளாகத் தம் வாயிலிருந்து வந்த சொல் எழுத்தானதை அவர்கள் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்கள். ஆனால் பொறி ‘காலத்து மேட்டுல’ என்று எழுதியிருந்தது. என் மகள் சிரித்தாள். பாட்டியோ சிரிக்கவில்லை. “அதுக்குக் களம் தெரியாதா?” என்று கேட்டார்கள்.

நான் யோசித்துப் பார்த்தேன். அதற்குத் தெரியாதுதான். பொறி தனக்கு யார் யாருடைய குரலைக் கேட்கக் கொடுத்தார்களோ, அவர்களுடைய சொல்லையே நன்கு அறியும். நகரத்துப் பேச்சை மிகுதியாகக் கேட்ட பொறிக்குக் களத்து மேடு எப்படித் தெரியும்? ராஜ் ரெட்டி அவர்களும் அவருடைய மாணவர்களும் பொறிக்குக் காது கொடுத்தார்கள். அந்தக் காதில் என்ன விழவேண்டும் என்பது பேசுகின்றவர்களாகிய நம் பொறுப்பு. 2022இல் மத்திய அரசு ‘பாஷிணி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இந்திய மொழிகளின் பேச்சைப் பொறி உணரவும், ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவும் வழிசெய்வது அதன் நோக்கம். பொதுமக்களே தம் மொழியில் பேசிக் குரலைக் கொடையாக வழங்கவும் அதில் இடம் வைத்தார்கள். அன்னதானம் அறிவோம், வித்யாதானம் அறிவோம். குரல்தானமும் உண்டென்று இப்போது அறிகிறோம்.

அன்று மற்றொன்றும் நடந்தது. பாட்டி சொன்ன சொல்லைப் பொறி பிழையாக எழுதிவிட்டதே என்று அதைத் திருத்துவதற்காக, என் மகள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். நான் மூன்று ஆண்டு அதட்டியும் நடக்காதது, பாட்டியின் ஒரு சொல்லைக் காப்பாற்றும் ஆசையால் நடந்தது.

ஆகவே நம் சங்கத்தின் முன் மூன்று சிறு வேண்டுகோள்களை வைத்து முடித்துக்கொள்கிறேன். முதலாவது: நம் இல்லங்களிலுள்ள முதியோர் பேச்சை, அவரவர் ஊர் வழக்கிலேயே, பிள்ளைகள் பதிவுசெய்து வைக்கட்டும். கதையோ, பழமொழியோ, வயல் வேலையோ, எதுவாயினும் சரி. இரண்டாவது: பிழைப்புக்காகத் தெலுங்கு பேசுகிறோம், அது சோறிடும் மொழி, அதை மதிப்போம். ஆனால் வீட்டு வாயிலைத் தாண்டி உள்ளே வந்தபின் பிள்ளைகளோடு தமிழில் பேசுவோம். பேசுவாரற்ற மொழியைக் கேட்க எத்தனை நுட்பமான பொறி வந்தும் பயனில்லை. மூன்றாவது: புரட்டாசி மாதத்திலும் வைகுண்ட ஏகாதசி நாட்களிலும் யாத்திரிகர் கூட்டம் பெருகும்போது, நம் இளைஞர்கள் இருவர் மூவர் நிலையத்தின் வெளியே அமர்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் எழுதிக் கொடுக்கவேண்டும். தமிழர், தெலுங்கர், கன்னடர் என்ற வேற்றுமை அதில் வேண்டாம். எல்லா நிலையத்திலும் எல்லார் பேச்சையும் பொறி கேட்கும் நாள் வரும்வரை, அந்தக் காது நாமாக இருப்போம். அதற்கு முதல் ஆளாக என் பெயரைச் செயலாளர் அவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

அந்தத் தாயாரை மீண்டும் காணும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. மடியில் உறங்கிய அந்தப் பேரன் இப்போது இளைஞனாகியிருப்பான்; எங்கேனும் ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கவும் கூடும். எழுத்தறியாத ஒருவர் அவன்முன் வந்து நின்றால், நான் நடந்துகொண்டதைவிட அவன் நன்றாக நடந்துகொள்வான் என்று நம்புகிறேன்.